எந்த எண்ணெயில்

மரிபோர் அச்சகத்திலிருந்து ஒன்பது பேர்
வருஷத்துக்கு ஒருமுறை பனிமலைக்குப் போகிறோம்.
மலையைத் தேர்வது இம்முறை என் தலையில்.

மெய்ப்புத்தாளின் பின்பக்கம் கட்டம் போட்டுச்
சுற்றுக்கு விட்டேன்:
பெயர். சறுக்கத் தெரிந்த அளவு. ஆகாத உணவு.

பன்னிரண்டு வருஷமாகப் பிழை திருத்துகிறவள் நான்.
திரும்பி வந்த தாளில் எழுத்துப் பிழை ஒன்றுமில்லை.
பொய்தான் நிறைய.

"சிவப்புச் சரிவு வரை" என்று எழுதியிருந்தாள் தில்கா.
அவள் இதுவரை மிதித்தது
பேருந்து நிறுத்தத்துப் பனி மட்டும்.
லூட்விக் "நடுத்தரம்" என்கிறார்.
போன வருஷம் வேலி வலையிலிருந்து
கொடியில் சிக்கிய சட்டையைப் போல
அவரைக் கழற்றி எடுத்தோம்.
போகோமிர் ஒருவர்தான் உள்ளதை எழுதியவர்:
"ஒரு கால். நாற்காலித் தூக்கி வேண்டும்.
இழுவைக் கம்பி என்றால் வரமாட்டேன்."

திறமையை எல்லோரும் ஒரு விரற்கடை கூட்டி எழுதுகிறார்கள்.
சாப்பாட்டுக் கட்டத்துக்கு வந்ததும்
கை சுருங்கிவிடுகிறது.

"எதுவானாலும் சரி" என்று செனாத்.
"பார்த்துக்கொள்கிறேன்" என்று நேஜா,
கோதுமை பட்டால் மூன்று நாள் படுக்கிறவள்.
உப்பு ஆகாத லூட்விக் ஒரு சின்னக் கோடு இழுத்திருந்தார்,
கேட்பதே கடன் என்பதுபோல்.

போன வருஷ விடுதி.
செனாத் வறுத்த உருளைக்கிழங்கு கேட்டார்.
பன்றிக்கறி பொரித்த அதே எண்ணெய்தான் என்று
பரிமாறும் பையன் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனான்.
செனாத் தட்டை என் பக்கம் நகர்த்தி
ரொட்டியைப் பிய்த்தபடி
நாளைய காற்றைப் பற்றிப் பேசினார்.
நான் அந்த உருளைக்கிழங்கைத் தின்றேன்.
நன்றாகத்தான் இருந்தது.
அதுதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

ஆகவே இந்த வருஷம்
உச்சியிலிருந்து ஆரம்பிக்கவில்லை, அடுப்பிலிருந்து.

பெரிய மலைக்காரர்கள்
"எல்லாம் இருக்கிறது அம்மா, சாலட் இருக்கிறது" என்றார்கள்.
ஓரிடத்தில் பத்தியத்துக்குத் தலைக்கு ஏழு யூரோ.
இன்னோரிடத்தில்
"ஒற்றைக் காலா? மேலதிகாரியைக் கேட்கணும்."

கடைசியாக ஒரு குட்டி மலை.
நாற்காலித் தூக்கி ஒன்று, குழந்தைகள் சரிவு ஒன்று,
பாதியில் வளையும் நீலச் சரிவு ஒன்று.
சமையல்காரியே போனை எடுத்தாள்.
எந்த எண்ணெயில் பொரிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

பேச்சு நின்றது.
எங்கோ ஒரு மூடியைக் கீழே வைக்கும் சத்தம்.
"செவ்வாய்க்கிழமை மாற்றினேன்.
புதன் ராத்திரிதான் பன்றி...
இல்லை, இருங்கள்.
செவ்வாய் மாலையே ஒரு தடவை போட்டேன்."
பிறகு, "வேறு வாணலி வைத்தால் போதுமா?"

மற்றவர்கள் யோசிக்காமல் ஆமாம் சொன்னார்கள்.
இவள் யோசித்த ஏழெட்டு நொடிக்கு
நான் முன்பணம் கட்டினேன்.

யெர்னேய் ஒருகாலத்தில் மாவட்ட அணியில் பந்தயம் ஓடியவர்.
படத்தைப் பார்த்துவிட்டு
"இது மலையா, மலை போட்ட குட்டியா?" என்றார்.
மூன்று நாள் என்னோடு பேச்சில்லை.
அவர் சொன்னதில் தப்பும் இல்லை:
சனிக்கிழமை அந்தச் சரிவு அவருக்கு
நாற்பது நொடிகூடத் தாங்கவில்லை.
இருபத்திரண்டு தடவை இறங்கினார்,
கடைசி ஆறு தடவை பின்பக்கமாக.
கறுப்புச் சரிவு ஒன்றை அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

தில்கா முற்பகல் முழுக்க விழுந்தாள்.
போகோமிர் ஒரே கோடாக அவளைத் தாண்டிப் போனார்.

மதியம் ஒரே மேஜை.
நேஜாவின் ரொட்டி தனித் துணியில் வந்தது.
செனாத் முன்னால் உருளைக்கிழங்கு, இன்னும் சீறிக்கொண்டு.
ஒன்றை எடுத்தார். மென்றார்.
சமையலறைப் பக்கம் திரும்பி
ஒன்பது பேருக்கும் கேட்கும்படி,
"உப்பே இல்லையே!"

லூட்விக் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.
யெர்னேய் ஒன்றும் பேசாமல் உப்புக் குப்பியைத் தள்ளிவிட்டார்.

ஆறு வருஷத்தில் செனாத் சொன்ன முதல் குறை.
காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து
தாளில் "எதுவானாலும் சரி" என்றிருந்ததை
அடித்தேன்.